கடைசி மனிதனின் சட்டை

சனிக்கிழமைகளில், வீட்டுத் துணியெல்லாம் துவைத்து அலசிக் கொடியில் போட்ட பிறகு, புவனா ஒரு சட்டையை அழுக்காக்க உட்காருவாள்.

முதலில் டீத்தூள் கொதித்த தண்ணீரில் முக்கிப் பிழிவாள். ஈரம் காய்வதற்குள் அடுப்புச் சாம்பலை எடுத்துக் காலரிலும் முழங்கையிலும் தேய்ப்பாள். லேத்துப் பட்டறையிலிருந்து டப்பாவில் வாங்கி வைத்திருந்த கழிவு ஆயிலை விரலில் தொட்டு, வலது தோளில் பழைய கறை இருந்த இடத்தில் அதே அளவுக்கு வைப்பாள். கூடிவிடக் கூடாது, குறைந்துவிடவும் கூடாது. ஒருதரம் கறை கொஞ்சம் முன்பக்கம் இறங்கிவிட்டது. அவள் புருஷன் மோகன்குமார் வீடியோ டெக்கில் படத்தை நிறுத்தி, போன வாரத்துக் கறையையும் இந்த வாரத்துக் கறையையும் மாற்றி மாற்றிக் காட்டினான். அதிலிருந்து அவள் ஜாக்கிரதையாகிவிட்டாள்.

அப்படியே துவைக்காமல் விட்டுவிட்டால் இந்த வேலையே இல்லை. ஆனால் அதைப் போடுகிறவன் அவளுடைய தம்பி. இந்த நாற்றத்தோடு உலகத்தில் கடைசி மனிதனாக இருப்பதைவிட மற்றவர்களோடு சேர்ந்து செத்துப்போய்விடலாம் என்று அவன் சொல்லிவிட்டான். அதனால் வேர்வை போக அலசுவதும், அலசியதை மறுபடி அழுக்காக்குவதும் திரும்பத் திரும்ப நடந்தது.

பீளமேட்டில் ராசாத்தாள் என்கிற அம்மாவின் வீட்டுக்குப் பின்னால் வரிசையாக இருந்த வாடகை வீடுகளில் ஒன்று அவர்களுடையது. கொடியில் அந்தச் சட்டை தொங்குவதைப் பார்த்து ராசாத்தாள் கேட்பாள். "ஏனம்மணி, ஊருல இருக்கறவங்கெல்லாம் அழுக்கு போறதுக்குத்தான சோப்பு வாங்கறாங்க. உன்ற ஊட்டுல மட்டும் ஏன் இப்பிடி?"

படத்துக்குங்க, என்பாள் புவனா. அதற்கு மேல் விளக்க அவளுக்கும் தெரியாது.

மோகன்குமார் கல்யாண வீடியோக்காரன். சிங்காநல்லூரிலிருந்து பெருந்துறை வரைக்கும் அவனை எல்லாருக்கும் தெரியும். மாப்பிள்ளைக்கு முன்னால் மண்டபத்துக்குள் நுழைவதும், பந்தியில் சாப்பிடுகிறவர்களின் முகத்தில் லைட்டை அடித்து அவர்களைக் கூச வைப்பதும், கடைசிப் பந்தியில் ஆறிப்போன சாதத்தைச் சாப்பிட்டுவிட்டு வருவதுமாகப் பத்து வருஷம் போயிருந்தது. கேசட்டைக் கொண்டுபோய்க் கொடுக்கிற வீடுகளில் மரியாதையாகத்தான் நடத்தினார்கள். உட்காரச் சொல்லி, காபி கொடுத்து, பெரிய மாமாவை ஏன் இரண்டு தடவைதான் காட்டியிருக்கிறீர்கள் என்று மட்டும் கேட்பார்கள். அவன் எடுத்த கேசட்டுகள் எத்தனையோ வீட்டு அலமாரிகளில் இருந்தன. அவனுடையது என்று சொல்லிக்கொள்ள அவனிடம் ஒன்றுகூட இல்லை.

அவனுடைய அப்பா மில் தொழிலாளி. இவன் பள்ளிக்கூடம் போகிற காலத்தில் டவுனில் ஒரு தியேட்டரில் ஞாயிற்றுக்கிழமை காலைக் காட்சியாகப் பழைய இங்கிலீஷ் படங்கள் போடுவார்கள். அதில் அவனுக்குப் பிடித்தது உலகம் அழிந்து நாலு பேர் மிஞ்சுகிற படங்கள். ஒரு வார்த்தை புரியாது. ஆனால் அதை எடுத்தவர்களிடம் பெரிதாக ஒன்றும் இல்லை என்பது மட்டும் நன்றாகப் புரிந்தது. பறக்கும் தட்டைக் கட்டித் தொங்கவிட்ட கம்பி தெரியும். வேற்றுக்கிரகத்து ஜந்துவின் முதுகில் ஜிப் தெரியும். அழிந்துபோன பட்டணம் என்று காட்டுவது ஏதோ கல்குவாரியாக இருக்கும். தியேட்டரில் எல்லாரும் சிரிப்பார்கள். மோகன்குமாருக்குச் சிரிப்பு வராது. ஒரு கல்குவாரியும் நாலு ஆட்களும் இருந்தால் உலகத்தையே முடித்துவிடலாம் போலிருக்கிறதே என்று நினைத்துக்கொள்வான்.

அவனுக்கு முப்பத்தெட்டு வயதானபோது கல்குவாரிக்குப் பதிலாக ஒரு மில் கிடைத்தது. அவனுடைய அப்பா வேலை செய்த மில்தான். மூடி நாலைந்து வருஷமாகி, கூரையில் பாதி பெயர்ந்து, ஸ்பின்னிங் ஹாலுக்குள் எருக்கஞ்செடி முளைத்திருந்தது. வாட்ச்மேன் திருமலைசாமி அதே மில்லில் வேலை பார்த்தவர். மோகன்குமாரின் அப்பாவை அவருக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமைகளில் பின்பக்க கேட்டைத் திறந்துவிட ஒத்துக்கொண்டார். படத்தில் செத்துக் கிடக்க ஆள் தேவைப்பட்டபோது அதற்கும் ஒத்துக்கொண்டார். வேலை இருந்த காலத்தில் ராத்திரி ஷிப்டில் தூங்கினால் சூப்பர்வைசர் பிடிப்பான், இப்போதுதான் மில்லுக்குள் நிம்மதியாகப் படுத்திருக்கிறேன் என்று சொல்லிக்கொண்டே செத்துக் கிடப்பார்.

படத்துக்கு 'நாலாம் ஷிப்ட்' என்று பெயர் வைத்திருந்தான். மூன்றாம் ஷிப்ட் முடிந்து ஒரு தொழிலாளி வெளியே வருகிறான். உலகத்தில் யாரும் இல்லை. அவனுக்கு வேறு போக்கிடம் தெரியாததால் திரும்ப மில்லுக்கே வந்து தங்குகிறான். வேளாவேளைக்கு ஷிப்ட் சங்கை ஊதுகிறான். யாரும் வருவதில்லை. கடைசியில் ஒருநாள் மில்லுக்குள் இன்னொரு மூலையில் அடுப்புப் புகை எழும்புவதைப் பார்க்கிறான். கதை அவ்வளவுதான்.

நடுவில் ஒரு பறக்கும் தட்டு வந்துபோகும். புவனாவின் இட்லித் தட்டுகள் இரண்டைக் கவிழ்த்து ஒட்டி, மில்லில் கிடந்த நூலிலேயே கட்டித் தொங்கவிட்டிருந்தான். நூல் தெரிகிறதே என்று கதிரேசன் சொன்னான். தெரியட்டும் மாப்ளே, அது அந்தக் காலத்து ஆளுங்களுக்கு நம்ம போடற கும்பிடு, என்றான் மோகன்குமார். வீட்டில் இட்லி ஒரு மாதம் கிண்ணத்தில் வெந்தது.

கதிரேசன்தான் கடைசி மனிதன். புவனாவுக்கு இளையவன். பொள்ளாச்சிக்குப் பக்கத்தில் அம்மாவோடு இருந்துகொண்டு தென்னந்தோப்பைப் பார்த்துக்கொண்டிருந்தான். அப்பா காலமாகி நாளாயிற்று. தோப்பில் பேச்சுக்கு ஆள் கிடையாது. அதனாலோ என்னவோ, ஆளில்லாத உலகத்தில் நடக்கச் சொன்னபோது அவனுக்குக் கஷ்டமாக இல்லை. முகூர்த்தமில்லாத ஞாயிற்றுக்கிழமைகளில் முதல் பஸ்ஸைப் பிடித்து வருவான். அக்கா கையால் சாப்பிட்டுவிட்டு, அழுக்குச் சட்டையைப் போட்டுக்கொண்டு மச்சான் பின்னால் போவான். இரண்டு வருஷம் இப்படி நடந்தது. அந்த இரண்டு வருஷமும் அவன் தாடியும் தலைமுடியும் வெட்டவில்லை. மோகன்குமார் கேட்டது அது ஒன்றுதான்.

தாடி கழுத்தை மறைக்கிற அளவுக்கு வந்தபோது அம்மா பழனியாத்தாள் பயந்துவிட்டாள். கல்யாண வயதைத் தாண்டிக்கொண்டிருந்த பையன். ஜாதகத்தில் செவ்வாய். தோப்பு இருந்தும் பெண் அமையவில்லை, மில்லும் கம்பெனியும் வைத்திருக்கிறவர்களுக்குத்தான் பெண் கொடுப்போம் என்கிறார்கள். இதில் தாடி வேறு. பீளமேட்டுக்கு வந்து மகள் வீட்டில் உட்கார்ந்து, யாரந்தப் பெண் என்று மகனைக் கேட்டாள். எந்தச் சாதியாக இருந்தாலும் சொல்லிவிடு, மனசுக்குள் வைத்து இப்படி உருகாதே என்று அழுதாள்.

அவனால் படம் என்று சொல்ல முடியவில்லை. மாப்பிள்ளை கல்யாண வீடியோ எடுப்பதையே பழனியாத்தாள் அரைமனதாகத்தான் ஏற்றிருந்தாள். அவருடைய விளையாட்டுக்குத் தன் மகன் பைத்தியக்காரன் வேஷம் போடுகிறான் என்று தெரிந்தால் அதோடு சரி. அவன் சமையலறைப் பக்கம் பார்த்தான். புவனா கையைத் துடைத்துக்கொண்டே வெளியே வந்தாள்.

"பழனிக்கு வேண்டியிருக்கறானாமாங்க," என்றாள்.

அதை அவள் யோசித்துச் சொல்லவில்லை. தாடிக்கு வேறு என்ன காரணம் சொல்ல முடியும். பழனியாத்தாளின் முகம் அப்போதே தெளிந்துவிட்டது. மகனின் தாடையைத் தொட்டுக் கையை எடுத்து முத்திக்கொண்டாள். என்ன வேண்டியிருக்கிறாய் கண்ணு என்று கேட்டாள். வேண்டினதை வெளியே சொல்லக் கூடாதும்மா, என்று கதிரேசன் முடித்துவைத்தான். அதன்பிறகு தாடியைப் பற்றி அவள் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அன்று மாலை விஷயம் தெரிந்து மோகன்குமார் வெகுநேரம் சிரித்தான். கடைசி சீனில் அடுப்புக்கு முன்னால் ஒரு பொம்பளை வேண்டும், இவ்வளவு நன்றாக நடிக்கிறவளை வீட்டில் வைத்துக்கொண்டு நான் எங்கே தேடுகிறேன் என்று புவனாவையே போட்டுவிட்டான்.

அந்தக் கடைசி சீன் ஒன்றுதான் பாக்கி இருந்தது. படம் முழுக்கக் கதிரேசனை எட்டத்திலேயே காட்டியிருந்தான். பெரிய ஹாலில் சின்ன ஆளாக, முதுகைத் திருப்பியபடி, சங்குக்கு அடியில். கடைசியில்தான் முகம் கிட்டத்தில் வரும். புகையைப் பார்த்துக்கொண்டு வாசலில் வந்து நிற்பான். படத்திலேயே முதல் தடவையாகப் பேசுவான். ஏனுங்க, உள்ள யாருங்க? உள்ளேயிருந்து பொம்பளைக் குரல், வாங்க, என்று சொல்லும். உலகமே போன பிறகும் நம்ம ஆள் ஏனுங்க என்றுதானே கேட்பான் என்பான் மோகன்குமார். அதைச் சொல்லும்போதெல்லாம் அவன் குரல் கொஞ்சம் மாறும்.

ஆடியிலேயே எடுத்திருக்கலாம். முகூர்த்தம் கிடையாது, கையில் நேரம் இருந்தது. ஆனால் பாலக்காட்டுப் பக்கமிருந்து வருகிற காற்று அந்த மாதம் முழுக்க அடிக்கும். புகை நேராக எழும்பாது. எட்டத்திலிருந்து பார்க்கிறவனுக்குப் புகை ஒரு கோடாகத் தெரிய வேண்டும் என்று அவன் பிடிவாதமாக இருந்தான். தாடியும் இன்னும் கொஞ்சம் இறங்கட்டும் என்றான். ஆவணியில் காற்று நின்றதும் எடுத்துவிட்டால், பொங்கலுக்குப் போட்டுவிடலாம். கேபிள் டிவி நடத்துகிற யாகூப், பொங்கலன்று மத்தியானம் தன் லோக்கல் சேனலில் போடுவதாக வாக்குக் கொடுத்திருந்தார். பீளமேட்டில் அத்தனை வீட்டிலும் தெரியும், மோகனண்ணா, என்று சொல்லியிருந்தார்.

ஆவணி பிறந்ததும் ஒன்றன்மேல் ஒன்றாக வந்தது. மில்லைப் பிரிக்க கான்ட்ராக்டர் வந்துவிட்டான், ஞாயிற்றுக்கிழமைக்கு மேல் கேட்டுச் சாவி தன் கையில் இருக்காது என்று திருமலைசாமி சொல்லியனுப்பினார். சரி, அந்த ஞாயிற்றுக்கிழமையே எடுத்துவிடலாம் என்று முடிவானது. அதே வாரம் கதிரேசனுக்குப் பெண் அமைந்தது.

தாராபுரத்துப் பக்கம். பெண்ணின் அப்பா அழகிரிசாமி வருஷாவருஷம் பழனிக்குக் காவடி எடுக்கிறவர். பையனைப் பார்க்க வந்தவர் தாடியைப் பார்த்துக் கொஞ்சம் தயங்கினார். பழனிக்கு வேண்டுதல் என்று பழனியாத்தாள் சொன்னதும் எழுந்து நின்று கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார். இந்தக் காலத்தில் இப்படி ஒரு பையனா என்று கேட்டாராம். செவ்வாயைப் பற்றிப் பேச்சே எழவில்லை. வேண்டுதலை முடித்துவிட்டு வாருங்கள், உறுதி வார்த்தை வைத்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஞாயிற்றுக்கிழமை படம், அதற்கு மறுவாரம் பழனி. கதிரேசன் அம்மாவிடம் அப்படித்தான் பேசி வைத்திருந்தான். மோகன்குமாரும் அந்த நம்பிக்கையில் வியாழக்கிழமை மத்தியானம் பெருந்துறைக்கு ஒரு கல்யாணத்துக்குக் கிளம்பிப் போனான்.

வெள்ளிக்கிழமை விடிந்து கொஞ்ச நேரத்தில், போன் வந்திருக்கிறது என்று ராசாத்தாள் கூப்பிட்டாள். புவனா ஈரக் கையோடு ஓடினாள். பழனியாத்தாள் பொள்ளாச்சி பஸ் ஸ்டாண்டில் எஸ்டிடி பூத்திலிருந்து பேசினாள்.

"அம்மணி, இன்னைக்கு வெள்ளியும் கிருத்திகையும் ஒண்ணா வந்திருக்குது. இதை உட்டா இப்பிடி நாளு எப்பக் கெடைக்குமோ. நாங்க பழனிக்குப் போறோம். அப்பிடியே சாயங்காலம் அங்க வந்து மாப்ளைக்குப் பிரசாதம் குடுத்துப்போட்டுப் போயர்றம்."

தம்பி எங்கே என்று புவனா கேட்டாள். பஸ்ஸில் இடம் போட்டு உட்கார்ந்திருக்கிறான் என்று பதில் வந்தது. அடுத்த வாரம் என்றல்லவா பேசினோம் என்றாள்.

"வேண்டுனது நடந்துபோச்சு. அப்பறம் சாமியக் காக்க வெக்கறதா கண்ணு?"

சொல்வதற்கு ஒரே ஒரு விஷயம்தான் இருந்தது. அம்மா, அது பொய், நான்தான் சொன்னேன், அவன் எதுவும் வேண்டவில்லை. அதைச் சொன்னால் அம்மா பஸ்ஸிலிருந்து மகனை இறக்கிவிடுவாள். பிறகு தாராபுரத்துக்காரரிடம் என்ன சொல்வாள்? முருகன் பேரைச் சொல்லி ஏமாற்றிப் பெண் கேட்டோம் என்றா? சொல்லாமல் மறைத்தாலும், அந்தப் பெண் வந்த பிறகு வீட்டில் யாருக்காவது காய்ச்சல் வந்தால், ஒரு கரு தங்காமல் போனால், தோப்பில் ஒரு மரத்தில் இடி விழுந்தால்கூட அம்மா இந்தக் காலையைத்தான் நினைப்பாள். இன்னொரு பக்கம் இரண்டு வருஷ ஞாயிற்றுக்கிழமைகள். பெருந்துறையில் இந்நேரம் யாரோ ஒரு மாப்பிள்ளைக்கு முன்னால் பின்னோக்கி நடந்துகொண்டிருக்கிற புருஷன். அவனிடம் கேட்கலாமென்றால் மண்டபத்து நம்பர் அவளுக்குத் தெரியாது. ராசாத்தாள் கதவருகில் நின்று சும்மா பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அம்மணி, இருக்கறயா? பஸ்ஸ எடுக்கறாங்க."

"பத்திரமாப் போயிட்டு வாங்கம்மா," என்றாள் புவனா.

மோகன்குமார் மாலையில் காமிரா பையும் பேட்டரி பெல்ட்டுமாக வந்து சேர்ந்தபோது மாமியார் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். அவளுக்குப் பக்கத்தில் வழவழவென்று மழித்த முகத்தோடு, தலையில் சந்தனம் காய்ந்து வெடித்துப்போயிருக்க, ஒருவன் உட்கார்ந்திருந்தான். அவன் தலையைத் தூக்கவில்லை. காதுகள் மட்டும் பெரிதாகத் தெரிந்தன.

மோகன்குமார் பையை இறக்கி வைக்கவில்லை. தோளில் மாட்டியபடியே நின்றான். பழனியாத்தாள் எழுந்து, டப்பாவிலிருந்து பஞ்சாமிர்தத்தை ஸ்பூனில் எடுத்து நீட்டினாள்.

"மாப்ளைங்க, பிரசாதமுங்க. எல்லாம் உங்க ஊட்டுக்கு வந்துபோன ராசிங்க. ரெண்டு வருசமா நெம்ப வெசனப்பட்டேன். இன்னைக்குத்தான் என்ற நெஞ்சுல இருந்து எறங்குச்சு."

அவன் வலது கையை நீட்டினான். நீட்டுவதற்கு முன் இடது கையை அதற்கு அடியில் வைத்துக்கொள்ளவும் செய்தான். வாயில் போட்டு விழுங்கினான்.

"கூட்டமுங்களா அத்தை?" என்று கேட்டான்.

கிருத்திகையல்லவா, கூட்டம்தான் என்று அவள் முடியிறக்குகிற இடத்தில் வரிசையில் நின்ற கதையெல்லாம் சொன்னாள். அவன் எல்லாவற்றுக்கும் தலையாட்டினான். அவர்கள் கிளம்பும்போது பஸ் ஸ்டாப் வரைக்கும் போய் ஏற்றிவிட்டு வந்தான். வழியில் கதிரேசன், நான் என்ன பண்ணட்டும் மச்சான், கத்தி வைக்கிற வரைக்கும் ஏதாவது சொல்லலாம் என்றுதான் பார்த்தேன், என்று ஆரம்பித்தான். பரவாயில்ல மாப்ளே, சாமி காரியம், என்று மோகன்குமார் அதை முடித்துவிட்டான். யாரையும் கோபிக்க முடியவில்லை. கோபித்துக்கொள்ள ஒருவராவது இருந்தால் அவனுக்கு உதவியாக இருந்திருக்கும்.

புவனாவுக்குத் தம்பி மேல் ஒரு சந்தேகம் இருந்தது. தாடி போன முகத்தில் அவன் கொஞ்சம் சௌக்கியமாகத்தான் தெரிந்தான். பெண்ணுடைய போட்டோவைச் சட்டைப்பையில் வைத்திருந்தான். அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. காலையில் வந்த போனைப் பற்றியும் புருஷனிடம் சொல்லவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமையும் போனார்கள். நாடகத்துக்கு வேஷச் சாமான் வாடகைக்குக் கொடுக்கிற ஒரு கடையில் மோகன்குமார் தாடியும் சடையும் வாங்கி வந்திருந்தான். சனிக்கிழமை புவனா வழக்கம்போல சட்டையை அழுக்காக்கி வைத்திருந்தாள். கறை சரியான இடத்தில் இருந்தது.

காற்றே இல்லை. மூன்று கல் கூட்டி அவள் அடுப்பு மூட்டியதும் புகை இடிந்த கூரை வழியாக அவன் கேட்ட மாதிரியே கோடாக எழும்பியது. மோகன்குமார் வெளியே போய் அதை மட்டும் தனியாக எடுத்துக்கொண்டு வந்தான். அப்புறம் கதிரேசனுக்குப் பசை தடவித் தாடியை ஒட்டினார்கள். ஒட்டி முடித்துத் திரும்பியதும் திருமலைசாமி தோளிலிருந்த துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, ரொம்ப மரியாதையாகக் கேட்டார்.

"சாமி, எந்த ஆசிரமத்துல இருந்து வாரீங்க?"

யாரும் சிரிக்கவில்லை. இடம் பார்த்து நின்றார்கள். கதிரேசன் வாசலில் வந்து நின்றான். காமிரா அவன் முகத்துக்குக் கிட்டத்தில் இருந்தது. இரண்டு வருஷமாகக் காத்திருந்த முகம். ஏனுங்க, என்று அவன் ஆரம்பித்தான். மேலுதடு அசைந்ததும் மீசை ஒருபக்கம் கழன்று தொங்கியது. அதை உணர்ந்தும் அவன் நிறுத்தாமல், மீசையை நாக்கால் தள்ளிக்கொண்டே, உள்ள யாருங்க, என்று கேட்டான்.

புவனா வாங்க என்று சொல்ல வேண்டும். அவள் வாயைத் திறந்தாள். சிரிப்புத்தான் வந்தது. முந்தானையை வாயில் வைத்து அடக்கிப் பார்த்தாள், முடியவில்லை. கதிரேசன் சிரித்தான். திருமலைசாமி சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். எல்லாரையும்விட அதிகமாக மோகன்குமார்தான் சிரித்தான். கண்ணைத் துடைத்துக்கொண்டு, காமிராவை நிறுத்தி, பேட்டரியைக் கழற்றிப் பையில் வைத்தான். இன்னொரு தடவை எடுக்கலாமா என்று யாரும் கேட்கவில்லை. திரும்பி வரும்போது புவனா ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து, அவன் இன்னும் சிரிக்கிறானோ என்று முதுகையே பார்த்துக்கொண்டு வந்தாள். முதுகு அசையவில்லை.

அடுத்த வாரம் மில்லைப் பிரிக்க ஆரம்பித்தார்கள். தகரமும் இரும்பும் லாரியில் போயின. புகைபோக்கியைக் கயிறு கட்டிச் சாய்க்கிற அன்று பீளமேட்டில் பாதிப்பேர் ரோட்டில் நின்று வேடிக்கை பார்த்தார்கள். மோகன்குமாரிடம் காமிரா இருந்தது. யாகூப்கூட, எடுத்து வையுங்கண்ணா, உங்க படத்துக்கு ஆகும் என்றார். அவன் போகவில்லை. வீட்டிலேயே உட்கார்ந்து ஒரு வளைகாப்புக் கேசட்டுக்குப் பூக்கள் பறக்கிற மாதிரி எஃபெக்ட் போட்டுக்கொண்டிருந்தான். சத்தம் கேட்டது. ஜன்னல் கம்பியில் கொஞ்சம் தூசி வந்து உட்கார்ந்தது.

ஐப்பசியில் கதிரேசனின் கல்யாணம். தலையில் முடி பிரஷ் மாதிரி முளைத்திருந்தது. புவனா மாப்பிள்ளையின் அக்காவாக இணைச்சீருக்கு உட்கார்ந்தாள். கூறைச்சேலையின் ஒரு தலைப்பு அவள் கையில், மறு தலைப்பு தம்பியிடம். எதிரில் லைட்டுக்குப் பின்னால் புருஷன் இருந்தான். வழக்கமாக அந்தச் சீரில் அக்காவின் கண்ணீரைத்தான் எடுப்பான், வீட்டில் எல்லாரும் பார்க்கக் கேட்பது அதைத்தான். அன்று அவன் காமிரா கதிரேசனின் முகத்திலேயே நின்றது. யாரோ பெரியவர், ஏனப்பா, பொண்ணையும் கொஞ்சம் எடு, என்று சொல்கிற வரைக்கும் அவன் நகரவில்லை.

கல்யாணம் முடிந்து சில நாள் கழித்து, ஒரு பார்ட்டி போனில் கூப்பிடுகிறது என்று ராசாத்தாள் அவனை அழைத்தாள். பேசி முடித்துக் கிளம்பியவனிடம் அவள் கல்யாணச் செய்தியெல்லாம் விசாரித்தாள். பேச்சோடு பேச்சாக, அன்னைக்கு உங்க மாமியா பழனிக்குப் போறப்ப காலங்காத்தால போன் பண்ணுனாங்களே, அம்மணி பேசி வெச்சுப்போட்டு வெகுநேரம் இங்கயே நின்னுட்டு இருந்துச்சுங்க, ஊட்டுல யாருக்கும் ஒடம்புக்கு ஆகலையோன்னு பயந்துட்டேன், என்றாள்.

அப்படியா, என்றான் மோகன்குமார்.

அவன் திரும்பி வந்தபோது புவனா துவைக்கத் துணி பொறுக்கிக்கொண்டிருந்தாள். அன்று சனிக்கிழமை. அவன் டெக் இருந்த அறைக்குள் போய் உட்கார்ந்தான். எதையோ போட்டான். பெட்ஷீட்டை எடுக்க அவள் உள்ளே வந்தபோது டிவியில் மில் தெரிந்தது. கூரைக்கு மேலே புகை, நேராக. புகை முடிந்து கதிரேசன் வாசலில் வந்து நின்று வாயைத் திறக்கிற இடத்தில் அவன் நிறுத்தினான். படம் நடுங்கிக்கொண்டு நின்றது.

சட்டை கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கியது. ஆயில் கறை சுவரிலும் லேசாக ஒட்டியிருந்தது. அவள் அதை எடுத்தாள்.

"ஏனுங்க, இதைத் துவைச்சுப் போடட்டுங்களா?"

அவன் டிவியைப் பார்த்துக்கொண்டிருந்தான். துவைத்தால் டீக் கறை போகாது, ஆயில் பாதி போகும், அடுப்படியில் கைப்பிடித் துணிக்காவது ஆகும் என்று சொன்னாள்.

"அன்னைக்குக் காலையில அத்தை போன் பண்ணுனாங்களா?" என்று மோகன்குமார் கேட்டான். திரும்பாமல், சாதாரணமாகத்தான் கேட்டான். "நீ என்ன சொன்னே?"

புவனா சட்டையை மடித்தாள். காலரை உள்ளே விட்டு, கறை மேலே தெரியாமல், துவைத்த சட்டையை மடிக்கிற மாதிரி மடித்தாள். மடித்ததைப் பெட்ஷீட்டோடு சேர்த்து இடுப்பில் வைத்துக்கொண்டு, கதவை மெதுவாகத் திறந்து, அறையை விட்டு வெளியே போனாள்.